மீசையில் ஒட்டிய தங்க ரேக்கு

பல்செட் செய்பவருக்குக் கண்ணாடி மணிப் பைத்தியம் பிடித்தது ஒரு வாடிக்கையாளர் அம்மாவால். அந்தம்மாவின் கழுத்தில் ஒரு மணி. கண்ணாடிக்குள்ளே தங்கம் பொடிப்பொடியாக மிதந்தது. வாயைப் பார்க்க வேண்டியவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேல்பல் அளவு கோணலாகிப்போய், அதை மறுபடி எடுக்க வேண்டிவந்தது.

"நம்மகிட்டயும் கேஸ் பர்னர் இருக்கு, கை இருக்கு. என்ன பெரிய வித்தை?" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். அதே அறையின் மறுகோடியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவள் தலையைத் தூக்காமல், "ம்" என்றாள்.

அந்த "ம்" அவரைக் குடைந்தது. ஒரே ஒரு முறை அவள் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் செய்த மணியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்பதால் சொல்லவில்லை.

களிமண் பூசிய கம்பியில் கண்ணாடிக் குச்சியை உருக்கிச் சுற்றினார். முதல் மணி உருண்டையாகவே வந்தது. வந்த பூரிப்பில், மெழுகுப்பல்லைக் குளிர்விக்கிற பழக்கத்தில், அதை அப்படியே தண்ணீரில் முக்கினார். மணி வெடித்துக் கிண்ணம் முழுக்கச் சில்லாகிப்போனது. பல் வேலையில் ஊறிய மூளை வேறென்ன செய்யும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதன்பிறகு மணிகளைச் சாம்பல் டப்பாவில் புதைத்து, ராத்திரி முழுக்க மெல்ல ஆறவிடக் கற்றார்.

அடுத்தது ரேக்கு, மணிக்குள் மின்னவைக்கிற மெல்லிய உலோகத் தாள். மலிவான பித்தளை ரேக்கு வாங்கி ஒட்டினார். தீ பட்டதும் கருகி, மணி சொத்தைப்பல்லைப் போல ஆனது. சொத்தைப்பல்லுக்கு மாற்றுப்பல் செய்கிறவரே சொத்தையைச் செய்கிறாரே என்று சிரிப்பு வேறு வந்தது. பிறகு அசல் தங்க ரேக்கு வாங்கினார். அது மூச்சு விட்டாலே பறந்தது. மின்விசிறியை அணைத்தார். "வேர்த்துக் கொட்டுதுங்க" என்றாள் மனைவி. "ஒரு நிமிஷம்மா" என்ற வேகத்தில் ரேக்கு பறந்து அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது. அன்று பல் வாங்க வந்தவர் கண்ணாடியில் தன் பல்லைப் பார்க்காமல் அவர் மீசையையே பார்த்தார். சொல்லவும் தயக்கம் போலும்.

பிடித்து ஒட்டிய ரேக்கும் நேரடித் தீயில் மாயமானது. கடைசியில்தான் புத்தி வந்தது. சூடான மணியை ரேக்கின் மேல் உருட்டி எடுத்தவுடன், தீயில் காட்டாமல், தெளிந்த கண்ணாடியை உருக்கி மேலே போர்த்தினார். தங்கம் உள்ளே சிக்கிக்கொண்டு மின்னியது. அதைச் சாம்பலில் புதைத்து, "காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று அறிவித்துவிட்டு, அறையில் இருந்தால் தானே கிளறிவிடுவோம் என்று பயந்து கடைத்தெருவுக்குப் போனார்.

திரும்பியபோது மெஷின் சத்தம் கேட்கவில்லை. மனைவி ஜன்னலருகே, சாம்பலிலிருந்து எடுத்த மணியைக் கம்பியோடு துணியால் பிடித்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் "டிக்" என்றது. மணி இரண்டாகி, ஒரு பாதி கீழே விழுந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பொறுக்க முடியலங்க. உள்ள எப்படி இருக்கும்னு ஒரே தவிப்பா இருந்துச்சு…" குனிந்து பாதியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "இது எப்படிங்க உள்ள போச்சு?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் எத்தனையோ நாளாகத் தயாராக ஒரு பிரசங்கமே இருந்தது. ஆனால் அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையில் எடுத்துப் பார்த்த சந்தோஷத்தில் கண்தான் கலங்கியது.

"உடைஞ்சதுக்கா அழறீங்க? விடுங்க, இன்னொண்ணு செஞ்சுக்கலாம்" என்றாள்.

அதற்குத்தான் அழுகிறோம் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர் தலையாட்டினார்.