மேல்தண்ணியை யார் கொட்டச் சொன்னது?

ஐம்பது வயதுக்கு மேல் பிஎச்.டி. சேர்ந்தால் வழிகாட்டி நம்மைவிடச் சின்னவராகத்தான் கிடைப்பார். என்னுடையவர் நான் பாடம் நடத்தும் கல்லூரியிலேயே இருந்தார். அவர் என்னை ‘சார்’ என்பார், நான் ‘மேடம்’ என்பேன். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது.

கார்பன் நானோகுழாய்களைத் தண்ணீரில் பிரித்து மிதக்கவிடுவதுதான் தலைப்பு. பார்வைக்கு அது வெறும் கரித்தூள். ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீரில் போட்டால் கூட்டமாக அடியில் போய் உட்காரும். சோப்பு மாதிரி ஒரு பொடி சேர்த்து, காதைக் குடையும் அல்ட்ராசானிக் கருவியால் அதிரவிட்டால் தனித்தனியாகப் பிரிய வேண்டும். எனக்கு மாதக்கணக்கில் பிரியவில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கறுப்பாவே நிக்கிற தண்ணி ஒண்ணு காட்டுங்க சார். இல்லன்னா தலைப்ப மாத்திடலாம்” என்றார் மேடம். மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் நான் ரிட்டயராகிவிடுவேன்.

என் மனைவி எங்கள் நெய்வேலிக்குப் பக்கத்து கம்மாபுரத்துக்காரி. “ஊரே கரிய வெட்டி எடுத்துகினு இருக்குது, நீங்க அத தண்ணில கலக்கிகினு இருக்கறீங்களே” என்றாள்.

“இது வேற கரி.”

“சட்டையில ஒட்டுனா ஒரே கரிதாங்க.”

வியாழக்கிழமை, அதிரவிட்டதை வேகமாகச் சுழற்றும் கருவியில் போட்டு எடுத்தேன். குழாயின் அடியில் கறுப்பாக ஒரு கட்டி, அதற்கு மேலே மைத்தண்ணீர். நெய்வேலிக்காரனுக்கு இதில் சந்தேகமே வராது. சுரங்கத்தில் மேலே இருப்பது மண், தள்ள வேண்டியது. அடியில் இருப்பதுதான் சரக்கு. புத்தகத்தில் வேறு மாதிரி படித்திருந்தேன்தான், கை படிக்கவில்லை. மேல்தண்ணீரைக் கழிவுக் கேனில் ஊற்றிவிட்டு, கட்டியைப் பிறந்த குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனேன்.

“மேல்தண்ணி எங்க சார்?”

“கொட்டிட்டேன் மேடம்.”

“பிரிஞ்சதெல்லாம் அதுலதான சார் மிதக்கும்! பிரியாததுதான் அடியில உக்காரும்.” கட்டியை வாங்கி மேசையில் வைத்தார். “மேல்மண்ணுன்னு நெனச்சிட்டீங்களா?”

“ஆமா மேடம்.”

“உங்கள மைன்ஸுல எடுத்திருக்கணும் சார். தப்பி வந்துட்டீங்க.”

கேனில் ஏற்கெனவே ஆசிட் கிடந்தது. கொட்டியதை மீட்க வழியில்லை. “அந்தக் கட்டியவே திரும்ப சோப்புத் தண்ணில போட்டு அதிரவிடுங்க. கொஞ்சமாவது வரும்” என்றார்.

அன்று மாலையே செய்தேன். இந்த முறை மேல்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி ஒரு பாட்டிலில் சேர்த்தேன். வரக்காப்பி நிறத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு பொட்டுகூட இல்லை.

“நேத்து கொட்டுனது இதவிட நல்லா இருந்திருக்கும்.”

“தலைப்பு, மேடம்?”

“இருக்கட்டும் சார்” என்றவர், பாட்டிலைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.