ஐந்து கோடுகள்

இடது கை இரும்புக் குழாயை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தது. கூரையைத் துளைத்து மேலே போன அந்தக் குழாயின் உச்சியில் ஆன்டெனா. வலது கையில் பென்சில். நகக் கண்களில் வார்னிஷ் கறை. ஆள்காட்டி விரலில் செப்புக் கம்பி அறுத்த பழைய தழும்பு.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றுவது அவள் பிழைப்பு. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிரித்துப் பிரித்துச் சுற்றுகளை எண்ணியே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கொண்டிருக்கும்போது வீடு பற்றி எரிந்தாலும் வாய் திறக்க மாட்டாள். அதற்காக அவளுக்கு ‘செவிட்டு மகாராணி’ என்று பட்டம் கட்டியவள் ஓரகத்தி.

அந்த ஓரகத்திதான் இப்போது கம்பிச் சுருள்களுக்கு நடுவே, மூன்று நாளாக வாராத தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன், இவளுக்குக் கொழுந்தன், கடலுக்கு அக்கரையில் கட்டுமான வேலைக்குப் போயிருந்தான். அந்த ஊரைப் புயல் புரட்டிப் போட்டுவிட்டது. போன் செத்துக் கிடந்தது. கம்பெனி அலுவலகத்தில் கேட்டால், “தகவல் வந்தா சொல்றோம்” என்று ஒரே பாட்டு. உடன் போனவர்களின் வீட்டார் ஆறு பேர், அவரவர் ஆளின் கம்பெனி அடையாள அட்டை எண் எழுதிய துண்டுச் சீட்டுகளோடு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கரையின் சின்ன எஃப்.எம். நிலையம் மற்ற நாளில் இங்கே எட்டாது. காற்று அசையாத பனிக் காலைகளில் மட்டும், கடல்மேல் கிடக்கும் குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் படுத்துக்கொள்ளும். வானத்துக்குப் போக வேண்டிய அலை, மூடிக்கு அடியில் வழுக்கிக்கொண்டே இக்கரை வந்து சேரும். வெயில் ஏறினால் மூடி உடைந்துவிடும். பதினெட்டு வருடமாக அவள் இந்தக் காலைகளுக்காகக் காத்திருந்து, காதில் விழுந்ததை மட்டும் நோட்டில் எழுதிவந்தாள். வீட்டார் அதைக் கிறுக்கு என்றார்கள்.

நேற்று நான்கே நிமிடம் கேட்டது. இன்று காலை ஏழு மணிக்குத் தொழிலாளர்களின் அட்டை எண்களை வாசிப்பார்களாம். முதலில் முகாமில் உயிரோடு இருப்பவர்கள். அடுத்தது சடலமாக மீட்கப்பட்டவர்கள். ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும் மொத்தம்.

“ஏன்க்கா கடல் பக்கத்துலேர்ந்து திருப்புறீங்க? அவர் அங்கதானே இருக்கார்?”

“நம்ம ஊர் ஸ்டேஷன் பக்கத்துலயே உக்காந்து கத்துது. அதுக்கு ஆன்டெனாவோட செவிட்டுப் பக்கத்தைக் காட்டணும். அது அடங்கினாத்தான் அக்கரை கேக்கும்.”

“உங்க ஆன்டெனாவுக்கும் காது செவிடா?” சிரிக்கப் போன ஓரகத்தி அழுதுவிட்டாள்.

ரேடியோவில் உள்ளூர் ஸ்டேஷனின் மெத்தை விளம்பரம் மெல்லத் தேய்ந்தது. அதன் அடியிலிருந்து தூக்கமில்லாத ஓர் ஆண் குரல் எழுந்தது. “முகாமில் இருப்பவர்கள்.” பிறகு எண்கள், எந்த வரிசையும் இல்லாமல், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மூன்றாவது எண்ணிலேயே அவள் அந்த வேகத்தைப் பிடித்துவிட்டாள். எட்டு எண்ணினால் ஓர் எண். உதடுகள் கம்பி சுற்றுவதுபோல் எண்ணிக்கொண்டே இருந்தன.

இருபத்திரண்டு எண்கள் ஆனதும் குரல் அமிழ்ந்தது. மறுபடி மெத்தை விளம்பரம்.

“போச்சே! அக்கா, ஏதாவது பண்ணுங்க! கல்லு மாதிரி நிக்கிறீங்களே, வாயைத் திறங்க!” ஓரகத்தி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவள் உதடுகள் எண்ணுவதை நிறுத்தவில்லை. எட்டு எண்ணி, காதில் விழாத எண்ணுக்கு ஒரு கோடு போட்டாள். இன்னும் எட்டு, இன்னொரு கோடு. குழாய் இழையளவு நகர்ந்தது. ஐந்தாவது கோட்டுக்குப் பிறகு குரல் திரும்பியது. இரண்டு எண்கள் கழித்து, “இரண்டாயிரத்து இருநூற்று ஆறு. இரண்டாயிரத்து இருநூற்று ஆறு.”

“அவர்தான்! அவரேதான்!” துள்ளிக் குதித்தவள் அப்படியே நின்றாள். முகம் வெளிறிப்போயிற்று. “அக்கா... இது எந்த லிஸ்ட்டு?”

குரல் அமிழ்ந்திருந்த அந்த நேரத்தில் ஒரு பட்டியல் முடிந்து மற்றது தொடங்கியிருக்கலாம். பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், “மொத்தம் நாற்பத்தொன்று” என்றது குரல். ஜன்னல் கம்பியில் வெயில் பட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

“உயிரோட இருக்கார்னு சொல்லுங்கக்கா. பொய்யாவாவது சொல்லுங்க.”

“பொய் எழுதுற நோட்டு இல்லடி இது. இரு.”

பென்சில் முனை மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. முன்னால் இருபத்திரண்டு. கோடுகள் ஐந்து. பின்னால் பதினான்கு. சுற்றுகளைச் சரிபார்ப்பதுபோல் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நாற்பத்தொன்று. நடுவில் புதுப் பட்டியல் தொடங்கியிருந்தால் அதன் மொத்தம், ஐந்தும் பதினான்குமாக, பத்தொன்பதைத் தாண்ட வழியே இல்லை.

“ஒரே லிஸ்ட்டுதான். முகாம்ல இருக்கான்.”

ஓரகத்தி அவள் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். வெளியே படியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். துண்டுச் சீட்டுகள் சரசரத்தன.

“ரெண்டாவது லிஸ்ட்டு?”

“கேக்கலை. வெயில் வந்துடுச்சு.”

“இந்த அஞ்சு கோட்டுல யாருன்னு அவங்க கேட்டா நான் என்ன சொல்றது?”

“உயிரோட இருக்கிற அஞ்சு பேருன்னு சொல்லு. யாருன்னு தெரியாதுன்னும் சொல்லு. ரெண்டையும் சொல்லணும்.”

பதினெட்டு வருடத்தில் அந்த நோட்டிலிருந்து ஒரு தாள்கூடக் கிழிந்ததில்லை. தையலோரம் நகத்தால் கீறி, பிசிறில்லாமல் அந்தத் தாளைக் கிழித்து, ஓரகத்தியின் கையில் கொடுத்தாள்.