ஃபெயில் கட்டத்தில் போட்ட கோடு

1. மணி

யுத்தம் வருவதற்கு முன்னால், மதுரையில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் எனக்கு வேலை. நான் மூன்றாம் ஃபாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், ஃபெயிலாகி நின்றவன். கடைக்கு வருகிறவர்களோ பி.ஏ. முடித்து, மேல்படிப்புக்கு அப்ளிகேஷன் அடிக்க வருகிறவர்கள். முதலாளி இங்கிலீஷில் எழுதித் தருவார். நான் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பேன். அர்த்தம் கேட்டால் முழிப்பேன்.

அந்த அப்ளிகேஷன் ஃபாரத்தில் ஒரு கட்டம் உண்டு. இதற்கு முன் எந்தப் பரீட்சையிலாவது தேறாமல் போனதுண்டா? அது வந்தால் எனக்குக் குஷி. வரி முடியும்போது மெஷினில் ஒரு மணி அடிக்குமே, அதை எத்தனை ஃபெயிலோ அத்தனை தடவை வேண்டுமென்றே அடிப்பேன். படித்தவர்கள் நெளிவதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

ஒருநாள் பேரையூரிலிருந்து சங்கரலிங்கம் என்பவர் வந்தார். பட்டணத்தில் எம்.ஏ. சேர வேண்டும். அவர் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

"அண்ணே, எம்புட்டு மணி அடிக்கட்டும்?"

பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. கோடு போட்டுரு."

போட்டேன்.

2. லெட்டர்

பத்து நாளில் காலேஜ் லெட்டரோடு திரும்பி வந்தார். பி.ஏ.வுக்கு முந்தின இண்டர்மீடியட் ரெண்டு வருஷப் படிப்பு. அவர் சர்டிபிகேட்படி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நடுவில் என்ன நடந்தது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் போகாவிட்டால் சீட் இல்லை.

"இண்டர்ல கணக்கு போச்சு தம்பி. அம்புட்டுப் பேரு முன்னாடி நீ மணிய ஆட்டுனா நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

முதலாளி பேனாவை எடுத்தார்.

"ஏன்யா போச்சு?"

"பருத்தி எடுக்குற நேரத்துல பரீட்ச வந்துச்சுங்க. காட்டுலயே கெடந்தேன்."

"அதை அழுதெல்லாம் எழுத வேணாம். ஃபெயிலானது ஒரு வரி, காரணம் ஒரு வரி, மறுவருஷம் வாங்குன மார்க்கு ஒரு வரி. கோடு போட்டதுக்கு மன்னிப்பு ஒரு வரி. போதும்."

"கோடு போட்டது நான்தான்னு எழுதிருங்க மொதலாளி."

"ஏன்டா, நீயா எம்.ஏ. படிக்கப் போற?"

தினமும் கேட்கிற கேலிதான். அன்றைக்கு உறைத்தது. தப்பில்லாமல் அடிக்க மூன்று தாள் வீணானது.

3. ரயிலுக்கு முன்

சீட் கிடைத்தது. ரயிலடிக்குப் போகிற வழியில், டிரங்குப் பெட்டியோடு கடைக்குள் வந்தார்.

"நீ எத்தன தடவ ஃபெயிலு?"

"ஒரே தடவதாண்ணே. அப்புறம் போகவே இல்ல."

மெஷின் பக்கம் கையை நீட்டினார். மணியடிக்கப் போகிறார், வாங்கிக்கொள்வோம் என்று இருந்தேன். அடிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தார்.

"போயிருக்கலாமேடா" என்றார். "சரி, வாரேன்."

புதிதாக மெஷினில் உட்காருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தக் கட்டம் வந்தால் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். சொன்னதை அப்படியே அடியுங்கள். ஃபெயிலானதை மறைக்க மட்டும் கோடு போடாதீர்கள்.

என் டிராயரில் காலி ஃபாரம் ஒன்று இருக்கிறது. வேலை ஓய்ந்த மத்தியானங்களில் அதை மெஷினில் ஏற்றிப் பார்ப்பேன். ஃபெயில் கட்டத்தை மறைக்காமல் நிரப்பிவிடுவேன். அதற்கு மேலே, தேறிய பரீட்சைகளைக் கேட்கிற கட்டங்களில் அடிக்கத்தான் என்னிடம் ஒன்றுமில்லை.