பின்கண்ணாடியின் எடை

மைசூரில் வீட்டுக்கு வீடு தட்டை டிவி சுவரில் ஏறிய காலத்தில், மேசையிலிருந்து இறங்கிய பெட்டி டிவிகள் எங்கே போயின என்று யாரும் யோசிக்கவில்லை. மாரக்காளுக்கு அது தெரியும். அவற்றில் எத்தனையோ அவள் கையால்தான் உடைந்தன.

அவள் எல்லையோரம் தமிழ் பேசும் கிராமமான மார்டள்ளியைச் சேர்ந்தவள். கணவன் ஆறுமுகசாமி டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு மைசூர் வந்தபோது கூடவே வந்தாள். வந்த ஆறாம் மாதம், மண்டி மொஹல்லாவில் லிங்கப்பன் என்பவரின் பழைய சாமான் குடோனில் வேலை கிடைத்தது. எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தாலே ஆட்டோ பின்வாங்க வேண்டிய சந்து அது. அதற்குள் எப்படியோ மினி லாரிகள் நுழைந்து டிவிகளை இறக்கிவிட்டுப் போகும். லாட்ஜ்களிலிருந்து வரும், பள்ளிக்கூடங்களிலிருந்து வரும். தமிழ்நாட்டில் இலவசமாகக் கொடுத்த டிவிகூட எல்லையில் ஓடும் பாலாறு தாண்டி வந்து சேரும்.

மாரக்காளும் ரங்கம்மா என்ற இன்னொருத்தியும் எதிரெதிரே சாக்கு விரித்து உட்கார்ந்து உடைப்பார்கள். பின்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயின் கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும். கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவிப் போட்டுவிட்டு மிச்சக் கண்ணாடியை நொறுக்கினால், உள்ளிருந்து மெல்லிய இரும்புத் தகடு ஒன்று வரும். செம்பும் இரும்பும் லிங்கப்பனுக்குக் காசு. கண்ணாடிதான் யாருக்கும் வேண்டாம். முன்பெல்லாம் புது டிவிக் குழாய் செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்களாம். இப்போது அப்படிக் குழாய் செய்கிறவர்களே இல்லை. அதனால் நொறுங்கல்களை மூட்டை கட்டிப் பின்னறையில் அடுக்கினார்கள். மூட்டைகள் கூரையைத் தொட்டன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாரக்காள் அந்த இரும்புத் தகட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஊசிமுனையைவிடச் சின்ன ஓட்டைகள், எண்ணி மாளாது. வரிசை ஒன்றுகூடக் கோணவில்லை.

“இத்தனை ஓட்டைய யாரக்கா போட்டிருப்பாங்க? எதுக்குப் போட்டாங்க?”

“யாரோ வேல இல்லாதவன் போட்டிருப்பான்,” என்றாள் ரங்கம்மா. “நீ தட்டு.”

ஆறு வருடம் தட்டினாள். பிறகு ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், மின்னணுக் கழிவைப் பிரிக்கும் கம்பெனி ஒன்று லைசென்ஸோடு தொடங்கியது. டிவி கழற்றத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்றார்கள். மாரக்காள் போனாள். ரங்கம்மா வரவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், அவளுக்கு முழங்கால் வலி.

புது இடத்தில் சுத்தியலே கிடையாது. கையுறை உண்டு, மூக்குக்கு மூடி உண்டு. குழாயை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் இடத்தில் ஒரு கம்பியைச் சுற்றுவார்கள். கம்பி பழுக்கக் காயும். கொஞ்ச நேரத்தில் டிக்கென்று ஒரு சத்தம். குழாய் அழகாக இரண்டாகப் பிரிந்துவிடும், படம் தெரியும் முன்கண்ணாடி தனியாக, புனல் மாதிரி இருக்கும் பின்கண்ணாடி தனியாக. உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியை ஒரு இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். முன்கண்ணாடி நீலத் தொட்டிக்குப் போகும். பின்கண்ணாடி சிவப்புத் தொட்டிக்கு. சிவப்புத் தொட்டிக்குப் பூட்டு வேறு.

மாரக்காளுக்கு அந்தப் பூட்டு உறுத்தியது.

“ஏனுங் சார், ரெண்டும் கண்ணாடிதானே? இதுக்கு மட்டும் எதுக்குப் பூட்டு?” என்று சூப்பர்வைசர் மனோஜ்குமாரிடம் கேட்டாள்.

மனோஜ்குமார் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், டிப்ளமோ படித்தவன். “அது ரூல்ஸ்க்கா. பின்கண்ணாடி டேஞ்சர் லிஸ்ட்ல வருது. ரெண்டையும் கலக்கக் கூடாது, அஷ்டே, அவ்ளோதான்.”

“என்ன டேஞ்சருங்?”

“லிஸ்ட்ல பேரு இருக்கு, காரணம் போடல.”

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு மாரக்காளால் சும்மா இருக்க முடியாது. பின்கண்ணாடி கையில் கனமாக இருப்பதுபோல் அவளுக்கு எப்போதுமே ஒரு எண்ணம். கனம் கையின் பிரமையா, நிஜமா? ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் வாளியில் தண்ணீர் பிடித்து, உள்பக்கம் சாக்பீஸால் இரண்டு கோடு கிழித்தாள். கீழ்க்கோடு வரை தண்ணீர். மேல்கோட்டைத் தண்ணீர் தொடும்வரை முன்கண்ணாடித் துண்டுகளைப் போட்டாள். அவற்றை எடுத்துத் துடைத்து எடை மேடையில் வைத்தாள். பிறகு அதே மாதிரி பின்கண்ணாடி. இரண்டும் வாளியில் அடைத்த இடம் ஒன்றுதான், எடை ஒன்றாக இல்லை. பின்கண்ணாடி பத்தில் ஒரு பங்கு கூடுதல்.

மனோஜ்குமார் வந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் இன்னொரு முறை செய்யச் சொன்னான். மறுபடியும் அதே கணக்குத்தான் வந்தது.

“உள்ள ஏதோ கலந்திருக்காங்க சார்,” என்றாள் மாரக்காள்.

“அப்படித்தான் தெரியுது,” என்றான் அவன், தாடையைத் தடவிக்கொண்டே.

என்ன கலந்திருக்கிறது என்பது நான்கு மாதம் கழித்து, வேறொரு காரியமாகப் போன இடத்தில் தெரிந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் மனிஷா கோ-கோ விளையாடும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணின் பெயர் ஜேன். அவளும் தமிழ்தான், ஆனால் பேச்சில் பாதி கன்னடம். மனிஷாவின் கையை மேசையில் வைத்துவிட்டு, மாரக்காளையும் கூட்டிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். தடுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியே பார்த்தால் மனிஷா இளமஞ்சளாகத் தெரிந்தாள்.

“இந்தக் கண்ணாடி எதுக்குங்க மஞ்சளா இருக்குது?”

“அதுல சீச கலந்திருக்காங்க அக்கா.”

“கண்ணாடிதானுங்களே சீசா? பாட்டில்?”

ஜேன் சிரித்துவிட்டாள். “அந்தச் சீசா இல்லக்கா. சீச, கன்னடத்துல. லெட்னு சொல்வாங்களே. தமிழ்ல என்னன்னு தெரியலயே.” படம் எடுத்து முடித்ததும் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டாள். “ஈயமாம்க்கா. எக்ஸ்ரே அதைத் தாண்டிப் போகாது. இதுவும் அதுதான்.” ஆணியில் தொங்கிய நீல ஏப்ரனை எடுத்து மாரக்காளின் கையில் கொடுத்தாள்.

துணி மாதிரி இருந்தது, கை தாழ்ந்துபோனது. அந்தக் கனம் மாரக்காளுக்குப் பழக்கமான கனம்.

“டிவிக்குள்ளயும் எக்ஸ்ரே வருங்களா? பழைய பெட்டி டிவி.”

“டிவியிலயா?” ஜேன் போனை எடுத்துத் தேடிப் படித்தாள். “ஹௌது, ஆமாக்கா. கொஞ்சமா வருமாம். வெளிய வராம இருக்கத்தான் பின்னாடி கண்ணாடியில லெட் போட்டிருக்காங்க. பாக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.” மேலே படித்துக்கொண்டே போனவள் நிறுத்தினாள். “உடைச்சா அந்தத் தூசி உடம்புல சேருமாம். அதை யாருக்கா உடைப்பாங்க?”

“நானுங்க,” என்றாள் மாரக்காள்.

ஜேனே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது: ஐந்துக்குள் இருக்க வேண்டியது பதினேழு.

“உடைக்கறதை விட்டு எத்தனை நாளாச்சு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒன்றரை வருசமுங்க.”

“அப்போ இதைவிட அதிகமா இருந்திருக்கும். இறங்கிட்டு வருது. பயப்பட வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்.”

“உடம்புக்குள்ள எங்கீங்க போய் உக்காருது?”

“எலும்புல.”

மறுபடி காட்டுவதற்காகக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்த மனிஷாவின் எக்ஸ்ரே படத்தை மாரக்காள் பார்த்தாள். கறுப்பில் வெள்ளையாகச் சின்னச் சின்ன எலும்புகள். தன் கையையும் இப்படி எடுத்துப் பார்த்தால் ஈயம் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வேறொரு முகம் குறுக்கே வந்தது. ரங்கம்மா இன்றைக்கும் அந்தச் சாக்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குப் போனாள். எதுவும் மாறவில்லை. ரங்கம்மா சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு அதே கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு கொண்டுவந்த மருமகள் லீலா பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது போக வேண்டுமே என்று செம்புச் சுருள்களை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்தாவது மாதம்.

மாரக்காள் விஷயத்தைச் சொன்னாள். ரங்கம்மா அசையவில்லை.

“ஈயமா? எங்க மாமியா வீட்ல காலங்காலமா ஈயம் பூசின பாத்திரத்துலதான் ரசம். யாரு செத்தா?”

“அது வெள்ளீயம்க்கா. கன்னடத்துல தவரன்னு சொல்வாங்களே, அது. இது காரீயம், சீச. நானும் உன்னாட்டத்தான் குழம்பினேன். பேரு ஒண்ணு, சரக்கு வேற.”

“சும்னிரு மாரி. பத்து வருசமா உடைக்கறேன். முழங்கால் தவிர எனக்கென்ன கேடு?”

“உனக்குச் சொல்லல. வயித்துப் புள்ளைக்கு இது ரொம்பக் கெடுதலாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

ரங்கம்மா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் லீலாவைப் பார்த்தாள். லீலா கையிலிருந்த சுருளை மெல்லக் கீழே வைத்தாள். “எந்திரி,” என்றாள் ரங்கம்மா. “வீட்டுக்குப் போ. கைய நல்லாக் கழுவு.” டப்பாவில் மிச்சமிருந்த சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

லிங்கப்பனிடம் பேசுவதுதான் கடினமாக இருக்கும் என்று மாரக்காள் நினைத்திருந்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“உடைக்காம இருந்தா எனக்குச் செம்பு எப்படிம்மா வரும்?”

மாரக்காள் ஒரு டிவியை இழுத்துப் போட்டாள். புது இடத்தில் கற்றதுபோல், குழாயில் தங்கியிருக்கும் மின்சாரத்தை முதலில் ஒரு கம்பியால் இறக்கினாள். கழுத்தின் நுனியில் இருக்கும் சின்ன மூக்கை மட்டும் கிள்ளிக் காற்றை உள்ளே விட்டாள். சுருளைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி, ஒட்டியிருந்த ரப்பர் ஆப்புகளை நெம்பி எடுத்து, இடமும் வலமுமாக அசைத்து உருவினாள். செம்பு முழுசாகக் கையில் வந்தது. மற்றபடி குழாய் கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

“குழாயை எங்க கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கும். மனோஜ் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேனுங்.”

“உள்ள தகடு போயிருமே.”

“தகடு போவுதுங். கண்ணாடியும் போவுதுல்ல?”

லிங்கப்பன் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்த மூட்டைகளை என்ன செய்வது என்று அவர் வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறார். குப்பை வண்டிக்காரர்கள் தொட மாட்டார்கள். ஊருக்கு வெளியே கொட்டப் போனால் பிடிக்கிறார்கள். “இந்த மூட்டைங்களையும் உங்க வண்டி எடுக்குமா?” என்று கேட்டார். குரலில் முதல் முறையாகப் பணிவு தெரிந்தது.

கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மனோஜ்குமார் இரண்டு நாள் மேலிடத்தோடு மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினான். அந்த வாளிக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் காட்டினானாம்.

லீலாவுக்கு ரத்தத்தில் ஆறு வந்தது. குடோன் பக்கமே வராமல் இருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. ரங்கம்மா தனக்குப் பார்க்க வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஜேன்தான் பேச்சுக் கொடுத்தபடியே அவளை ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தாள். முப்பத்தொன்று. அந்தத் தாளை வாங்கிய ரங்கம்மா, படிக்கத் தெரியாவிட்டாலும், அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி வயிறு வலிக்கும், கேஸுன்னு நினைச்சேன்,” என்றாள். “இதனாலயா மாரி?”

“இருக்கலாம்க்கா. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நீயே கேளு. நான் கூட வரேன்.”

மூட்டைகளை ஏற்ற மூன்று நாள் ஆனது. கம்பெனி ஆட்கள் மூக்கை மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி வரிசையை நகர்த்தியபோது பின்சுவரில் மரச்சட்டம் போட்ட ஒரு ஜன்னல் தெரிந்தது. அங்கே ஜன்னல் இருந்ததே லிங்கப்பனுக்கு மறந்துபோயிருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளை மாரக்காள் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தாள். காற்றோடு எங்கோ மசாலா வறுக்கும் வாசனையும் வந்தது. வெளியே இத்தனை வருடமும் அவள் பார்த்திராத ஒரு சந்து. கம்பியில் யாரோ பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப் போட்டிருந்தார்கள்.

“இது எங்க போயி முட்டுதுங்?” என்று கேட்டுக்கொண்டே அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.