ஷவல் உள்ளே, ஷூ வெளியே

அப்பாவின் சாக்ஸைக் காருக்குள் உட்கார்ந்து பிழிந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வந்தது ஆத்திரம்.

அப்போதுதான் எடிசன் என்கிற இந்த அமெரிக்க ஊரில் ஒரு ஆண்ட்டி வீட்டு மார்கழி பஜனையிலிருந்து கிளம்பியிருந்தோம். நாங்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தபோது வெளியே பனி கொட்டியிருக்கிறது. வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டிருந்த அத்தனை ஷூவுக்குள்ளும் காற்று அதை அள்ளிப் போட்டிருந்தது. காலை விட்டவர்கள் எல்லாரும் அலறினார்கள். "ஐஸ்க்ரீம் கப்புக்குள்ள கால விட்ட மாதிரி இருக்குப்பா" என்று ஒரு அங்கிள் சொல்ல, ஒரே சிரிப்பு. அப்பா மட்டும் சத்தமே போடாமல் நிதானமாக லேஸ் கட்டி, ஆண்ட்டியிடம் சொல்லிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. அது ஞாபகம் வந்ததும் ஷூவைக் கழற்றச் சொன்னேன்.

"எதுக்கும்மா? நல்லாத்தான இருக்கு."

விரல்கள் வெளுத்திருந்தன. ஹீட்டர் சுட்டாலும் அவருக்குத் தெரியாதே என்று பயந்து, பாதங்களை என் கோட்டுக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன். நேராக டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தத் தடவை தப்பித்தீர்கள் என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் விரல் போய்விடுமாம்.

போகாமலே இருந்துவிடலாம்தான். ஆனால் மதுரையிலிருந்து வந்திருக்கும் மனிதருக்கு, கார் இல்லாமல் எங்கும் போக முடியாத இந்த ஊரில், வாரம் முழுக்க நான்தான் பேச்சுத்துணை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் அந்த பஜனையில்தான் அவர் வாய்விட்டுப் பாடுகிறார். நாலு பேரோடு வம்பளக்கிறார். அதையும் பிடுங்குவதா?

ஆண்ட்டிக்கு போன் செய்து, ஷூவைக் கதவுக்கு உள்ளே விடலாமா என்று கேட்டேன்.

"சாமி இருக்கிற இடத்துல ஷூவாம்மா? இத்தன வருஷமா எல்லாரும் வெளியதான் விடறாங்க. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"பனி அள்ற ஷவல் உள்ளதானே இருக்கு, ஆண்ட்டி?"

"அத வெளிய வெச்சா கைப்பிடி உறைஞ்சுடும்மா. தொடவே முடியாது."

கிண்டல் துளியும் இல்லாமல் சொன்னார். கதவோரம் தனி மிதியடி விரித்து அதன் மேல் நிற்கிறது அந்த ஷவல். கைப்பிடிக்கு இருக்கிற கரிசனம் காலுக்குக் கிடையாது. ஷூவைக் கண்டால் கோபித்துக்கொள்ளும் சாமி, உறைந்த விரலைப் பார்த்தால் மட்டும் சும்மா இருக்குமா? இந்தக் குளிருக்குத் தோசை மாவை ஓவனுக்குள் வைத்துப் புளிக்க வைக்கக் கற்றுக்கொண்ட நமக்கு, இதற்கு மட்டும் மூளை வேலை செய்யாதா?

"விடும்மா, அவங்க வீடு" என்கிறார் அப்பா. நான் விடுவதாக இல்லை. விளிம்பு வைத்த பெரிய ரப்பர் தட்டு ஒன்று வாங்கிவிட்டேன். பூஜை அறைப் பக்கம் ஷூ தெரியாதபடி மறைக்க ஒரு பழைய திரைச்சீலையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய், ஷவலுக்குப் பக்கத்தில் தட்டைப் போட்டு அப்பாவின் ஷூவை வைப்பேன். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன், ஷவலையும் சேர்த்து.