ஸ்டேசன் நாய்களின் சொந்தக்காரர்

மலையகத்தில் வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் குட்டி போட்டால் ஆண் குட்டிகளை யாராவது எடுத்துக்கொள்வார்கள். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டு அதே லயத்துச் சிவசாமியிடம் கொடுத்துவிடுவார்கள். “ஆத்துல விட்டுருங்கண்ணே” என்பார்கள். ஐம்பத்தெட்டு வயது சிவசாமிக்கு அதற்கு மனம் வராது. ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னால் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். பிரயாணிகள் தின்ன பணிஸ், பிஸ்கட் போடுவார்கள், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்வார்.

சில பிழைத்தன. வளர்ந்து அவையும் குட்டி போட்டன. சொறி பிடித்துப் பாதையோரம் அலைந்தன. ஒருநாள் பள்ளிக்கூடம் போன பிள்ளையை ஒரு நாய் கடித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் விஷம் வைக்க வேண்டும் என்று லயத்தில் பேச்சு எழுந்தது.

பிரதேச சபை தன் மைதானத்தில் நாய்களுக்குக் கருத்தடை முகாம் போடப்போவதாக அறிவித்ததும், சிவசாமி தினமும் ரொட்டியோடு ஸ்டேசனுக்குப் போனார். ஒரு வாரம் பழக்கி, நான்கு பெட்டை நாய்களைக் கயிற்றில் கட்டி முகாமுக்குக் கொண்டுவந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மிருக வைத்தியர் சிவகௌரி படிவத்தை எடுத்தார்.

“இதுகள் ஆரின்ர நாய்கள் ஐயா?”

“ஸ்டேசன் நாயிங்கம்மா.”

“சொந்தக்காரர் இல்லாட்டி பிறகு ஆர் பாக்கிறது? பத்து நாளைக்குக் காயம் நனையக்கூடாது. இந்த மழைக்குள்ள றோட்டில விடேலாது.”

சிவசாமி நான்கு கயிறுகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“எம் பேர எழுதுங்கம்மா. குட்டியில கொண்டுபோய் விட்டது நாந்தான். நாலும் என்னோடதுதாங்க.”

வரிசையில் நின்றவர்களில், அவரிடம் குட்டி கொடுத்த லயத்து ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சிவகௌரி அவர் பெயரை எழுதினார்.

ஆப்பரேசன் முடிந்ததும் சிவசாமி நான்கையும் தன் வீட்டுப் பின்புற விறகுக் கொட்டிலில் படுக்க வைத்தார். “நமக்கே எடமில்ல, இதுல நாலு நாயா?” என்று மனைவி பேச்சியம்மா சத்தம் போட்டாள். மறுநாள் அவளே தன் பழைய கம்பளியை எடுத்துவந்து ஒன்றின்மேல் போர்த்தினாள்.

“பாவங்க, நடுங்குது.”

காயம் ஆறியதும் இரண்டு ஸ்டேசனுக்கே போய்விட்டன. மற்ற இரண்டும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டு ஜீவராணி இரண்டு பெட்டைக் குட்டிகளைக் கூடையில் போட்டுச் சிவசாமியிடம் கொண்டுவந்தாள்.

“வேணாம்மா, தாய்கிட்டயே விடு. பால் மறந்ததும் தாய முகாமுக்குக் கூட்டிக்கிட்டு வா. குட்டிங்களுக்கும் வயசு வந்ததும் செஞ்சிரலாம். நானும் வாறேன்.”

“பொட்டக் குட்டிய யாரு மாமா எடுப்பா?”

“ஆப்பரேசன் செஞ்சிட்டா பொட்டையின்னா என்ன, ஆம்பளையின்னா என்ன?”

அடுத்த முகாமுக்கு லயத்திலிருந்து பதினோரு நாய்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் சொந்தக்காரராகத் தன் பெயரைக் கொடுத்தார். ஜீவராணியின் குட்டிகளில் ஒன்றைத் திம்புள்ளயிலிருந்து வந்த அவள் தங்கச்சி தூக்கிப்போனாள். மற்றதற்கு ராணி என்று தன் பெயரில் பாதியையே வைத்து, ஜீவராணி தன்னிடமே வைத்துக்கொண்டாள்.