பெரியப்பா எடுக்காத பொட்டலம்

முதல் செமஸ்டர் முடிவு வந்த அன்று ரியல் அனாலிசிஸ் என்ற கணிதத் தாளில் நான் வாங்கியிருந்தது எழுபத்தைந்துக்குப் பத்தொன்பது. உக்கடம் பேருந்து நிலையத்தில் நின்றபடி போனில் பார்த்தேன். வேறு யாருடைய பதிவெண்ணையோ போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை திருப்பிப் போட்டேன். மூன்று முறையும் பத்தொன்பதுதான் வந்தது. பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். அன்று எங்கள் ஊர்ப் பேருந்து கண்ணெதிரே போயிற்று, ஏறத் தோன்றவில்லை.

மாகாளியம்மனை நம்பி இருக்கும் என் ஊர்க்காரர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் நம் கோவில் மலர் வழியாகக் கோகிலா சொல்லிக்கொள்வது இது. காரமடைக்குப் பக்கத்தில் நம் ஊர். அப்பா வாழை விவசாயி. நான் கோவையில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆத்தா எனக்குச் செய்ததை இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு வைத்திருந்ததே பெரிய விஷயம். இனிமேல் முடியாது, சொல்லிவிடுகிறேன்.

பொறியியல் கிடைத்தும் நான் கணிதம்தான் வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சேர்ந்த கணிதம்கூட இல்லை, வெறும் கணிதம். ஒரு விஷயம் ஏன் உண்மை என்று கடைசிவரைக்கும் கேட்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. இதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? அப்பாவின் அண்ணன், கோவையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா, தன் மகள் நிச்சயதார்த்தத்தில் பந்தி நடக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வெறுங் கணக்கப் படிச்சுப்போட்டு என்ன அம்மணி பண்ணப்போற? நம்ம பட்டறைல கால்குலேட்டரு இருக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்பாவுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"உடுங்கண்ணா. அது படிச்சுக்கும். ஒரே ஒரு பேப்பர் போகட்டும், அன்னைக்கே நிறுத்திப்போட்டு பி.காம். சேத்தியுட்டர்றேன்" என்றார்.

எனக்காகப் பேசுவதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் நாற்பது பேர் முன்னால் வாக்குக் கொடுத்ததாக ஆகிவிட்டது. எங்கள் அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது உங்களுக்கே தெரியும்.

தோற்றதற்குக் காரணம் வேறு யாருமில்லை, நான்தான். பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் கணக்கு, பத்து மதிப்பெண் கணக்கு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து நூறு வாங்கினேன். கல்லூரியிலும் தேற்றங்களை அப்படியே உருப்போட்டேன். தேர்வில் ஒரு கேள்வி: எல்லைக்குள்ளேயே இருக்கும் ஒவ்வொரு எண் தொடர்வரிசையும் ஏதாவது ஓர் எண்ணை நோக்கிப் போய்ச் சேருமா? சேரும் என்றால் நிரூபி, சேராது என்றால் ஓர் உதாரணம் காட்டு. எனக்குத் தெரிந்ததோ இதைத் திருப்பிப் போட்ட தேற்றம். போய்ச் சேருகிற தொடர்வரிசை எல்லைக்குள் இருக்கும் என்பது. மளமளவென்று இரண்டு பக்கத்துக்கு அதை எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டு வந்தேன். கேட்டது ஒன்று, நான் நிரூபித்தது இன்னொன்று. மற்ற கேள்விகளிலும் இதே கூத்துதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் கிணற்று மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் பையிலிருந்து வினாத்தாளை எடுத்து, அதே கேள்வியை உரமூட்டைச் சீட்டின் பின்பக்கம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. இருட்டும்வரை போட்டேன், அப்போதும் வரவில்லை. எனக்குக் கணக்கே வராது, இவ்வளவு நாள் மனப்பாடம்தான் வந்தது என்று அப்போது தோன்றியது. அதைவிடக் கேவலமான ஒரு நாள் என் வாழ்க்கையில் இல்லை.

செய்தி பட்டறைவரைக்கும் போய்விட்டது. பெரியப்பா போன் செய்து, பி.காமுக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டாயா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கேட்டுவிட்டு, "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்கண்ணா. ஆத்தா உத்தரவு குடுத்தாப் படிக்கட்டும். குடுக்காட்டி நிறுத்திப்போடலாம். அதுக்கு மேல யாரும் பேசக்கூடாது" என்றார்.

பூக் கேட்பது நமக்குப் புதிதில்லை. கிணறு வெட்டுவதென்றாலும் பெண் எடுப்பதென்றாலும் கேட்கிறோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. தை கடைசி வெள்ளிக்கிழமை உச்சிப் பூஜைக்கு என்று நாள் குறித்தார்கள். முடிவு வந்த நாளிலிருந்து அந்த வெள்ளிவரை ஒன்பது நாள். ஒன்பது நாளும் அப்பா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், எழுந்து போனார். சிவப்பு வந்துவிடுமோ என்ற பயத்தைவிட அந்த மௌனம்தான் என்னை அறுத்தது.

அன்று கோவிலில் நாங்கள் மூன்று பேர், பெரியப்பா, பூசாரி. வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களைப் பூசாரி தட்டில் வைத்து ஆத்தாவின் காலடியில் வைத்தார். உள்ளே அரளிப்பூ. "வெள்ளை வர வேண்டும் தாயே" என்று வேண்டுவதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். கண்ணை மூடும் முன் அப்பாவைப் பார்த்தேன். கும்பிட்ட கையைப் பிரிக்காமல் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் வாயில் வந்த வேண்டுதல் வேறு. "பூ எதுவாவது வரட்டும் தாயே. எங்கப்பா எம்பக்கம் நிக்கோணும். அது போதும்."

"அண்ணா, நீங்களே எடுங்க" என்றார் அப்பா. "உங்க கையால வந்தாத்தான் எனக்குத் திருப்தி."

பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்தார். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளரளி. பளிச்சென்று வெள்ளை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியப்பா பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆத்தாவே சொல்லிப்போட்டா, அப்பறம் நானென்ன சொல்றது" என்று திருநீறு பூசிக்கொண்டார். அப்பா என் பக்கம் திரும்பி "படி" என்றார். அந்த ஒரு சொல்தான்.

எடுக்காத பொட்டலத்தைப் பூசாரி என் கையில் கொடுத்து, கால்படாமல் ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார். அரியர் தேறிய பிறகு மேட்டுப்பாளையத்தில் பவானியில் விடுவதாக வேண்டிக்கொண்டு கல்லூரிப் பையின் முன்னறையில் வைத்தேன். உள்ளே சிவப்பு இருக்கிறது, கொஞ்சம் தவறியிருந்தால் என் கதி அதுதான் என்று தினமும் அந்த அறையைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு குறை மட்டும் மனதில் இருந்தது. பூ வந்துவிட்டது. நான் கேட்டது வரவில்லை. அப்பா இப்போதும் அதிகம் பேசவில்லை.

படிப்பும் உடனே வந்துவிடவில்லை. உருப்போடும் பழக்கத்தை விட்டால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. செவ்வாய், வெள்ளி தவறாமல் காலையில் கோவிலுக்குப் போய், "மார்க் வேண்டாம் தாயே, புரிய வையுங்க" என்று நிற்பேன். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஊருக்கு வரும் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தது. கண்ணாடியில் வைப்பர் இடதும் வலதுமாக அடித்துக்கொண்டிருந்தது. இடது, வலது, இடது, வலது. கண்ணாடியை விட்டு வெளியே போகவில்லை. எங்கேயும் போய் நிற்கவும் இல்லை.

அட, இதுதானே அந்தக் கேள்வி. எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் எதையும் போய்ச் சேரவில்லை. ஒன்று, மைனஸ் ஒன்று, ஒன்று, மைனஸ் ஒன்று என்று போகும் தொடர்வரிசையும் இப்படித்தான். விடை இரண்டே வரி. இரண்டு வரிக்காகவா நான் இரண்டு பக்கம் எழுதினேன்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு அம்மணி?"

"வைப்பரு நல்லா ஓடுதுங்கண்ணா."

"அது ஓடறதே பெருசு. நேத்து வரைக்கும் ரிப்பேரு" என்றார்.

அது ரிப்பேராகவே இருந்திருந்தால் என் கதை என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆத்தா செய்ததென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து எந்தத் தேற்றம் வந்தாலும் முதலில் அதை உடைக்கப் பார்ப்பேன். ஓர் உதாரணம் கிடைத்தால் உடைந்தது. கிடைக்கவே இல்லையென்றால் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பேன், நிரூபணம் அங்கேயிருந்து தானாக எழுந்து வரும். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சோறு தண்ணி மறந்து கணக்குப் போட்டேன். சித்திரையில் அரியர் எழுதினேன். ஆனியில் முடிவு வந்தது. அறுபத்தெட்டு.

அந்த வாரமே அப்பா மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன வண்டியில் நானும் போனேன். அவர் மண்டியில் இருந்தார். நான் பவானிப் படித்துறையில் இறங்கிப் பொட்டலத்தை எடுத்தேன். இலை சருகாகி, தொட்டதும் நொறுங்கி, பூ என் உள்ளங்கையில் விழுந்தது. சிவப்பு காய்ந்தால் கருத்துப் போகும் என்று நினைத்திருந்தேன். இது வெளுத்த பழுப்பு. வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்.

ஆனாலும் நான் கணிதம் படிக்கிறவள், அப்படியே நம்பிவிடுவேனா? பூவை ஆற்றில் விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளரளியையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாக வாழையிலையில் கட்டி, அதே பையில் அதே அறையில் இருபது நாள் வைத்தேன். பிரித்தேன். செவ்வரளி கருஞ்சிவப்பாகச் சுருண்டிருந்தது. வெள்ளரளி வெளுத்த பழுப்பு. சந்தேகமே இல்லை. தட்டில் இருந்த இரண்டுமே வெள்ளை.

முதலில் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன். "நானில்ல கண்ணு. பொட்டலங் கட்டுனது உங்கப்பன்" என்றாள். அவளுக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வாயில் கைவைத்தபடி நின்றாள்.

தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பார்த்தார். குழாயை ஊதினார். திரும்பவும் பார்த்தார்.

"அத ஆத்துல உட்டுருப்பீன்னு நெனச்சேன்."

"ஏனுங்கப்பா இப்படிச் செஞ்சீங்க?"

"நாலு பேரு முன்னால வாய உட்டுப்போட்டேன் சாமி. நானே மாத்துனா உங்க பெரியப்பன் சும்மா இருக்குமா? ஆத்தா சொன்னாத்தான் அடங்கும்." குழாயைத் தட்டி மண்ணை உதறினார். "பெயிலான அன்னைக்கு மோட்டார் ரூமுல உக்காந்து அதே கேள்வியத் திருப்பிப் போட்டுட்டு இருந்தயே. சன்னல் வழியாப் பாத்தேன். காத்துல வாழ சாஞ்சா மறுநாளே கன்னு நடறவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் பேசவே இல்லீங்க?"

"பேசுனா வாயில வந்துரும்னு பயம். பெரியப்பங்கிட்ட நீ ஒளறிட்டீன்னா?"

"ஆத்தாவ ஏமாத்திப்போட்டீங்களே அப்பா."

"ஏமாத்துலீங் கண்ணு. அவகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கட்டுனேன். புடிக்காட்டி தட்டக் கவுத்தியிருப்பா. கவுக்குலியே."

"எப்பக் கட்டுனீங்க?"

"வெடியால. நீ எந்திரிக்கறதுக்கு முன்னால."

வாழைக்கு நடுவே நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உச்சிப் பூஜையில் நான் என்ன கேட்டேன்? பூ எதுவாவது வரட்டும், எங்கப்பா எம்பக்கம் நிக்கோணும் என்று கேட்டேன். ஆத்தா அதைத் தரவில்லை என்று ஐந்து மாதம் மனதுக்குள் புழுங்கினேன். அவளோ நான் எழுந்து குளித்து முழுகி வந்து கேட்பதற்கு முன்பே, விடியற்காலையிலேயே அதைத் தந்துவிட்டாள். தினமும் பயந்து பயந்து தொட்டேனே, அந்தப் பொட்டலத்துக்குள்தான் அது இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பா துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அடைப்பு எடுக்கோணும், அந்தக் குழாயப் புடி" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தாளும் போகவில்லை. அப்பா இப்போது நன்றாகப் பேசுகிறார். சாயங்காலம் வந்தால், "இன்னைக்கு எதை நிரூபிச்ச?" என்று கேட்கிறார். சொன்னால் பாதியில், "அதெப்படி, இன்னொரு வழியா இருந்தா?" என்று மடக்குகிறார். அந்தக் கேள்விக்காகவே நான் வீட்டுக்கு ஓடி வருகிறேன். உங்களுக்கும் ஏதாவது ஒரு தாளோ நோயோ கல்யாணமோ நின்றுகொண்டிருக்கலாம். ஆத்தாவிடம் கேளுங்கள். மனதில் உள்ளதை உள்ளபடி கேளுங்கள். வரவில்லை என்று என்னைப் போல் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். உங்கள் வீட்டிலேயே யாராவது வாய் திறக்காமல் உங்களுக்காகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுது, ஆத்தா கோவில் மலரில் பொய் இருக்கக் கூடாது என்றார். அடுத்து எம்.எஸ்சி. கணிதம் சேர வேண்டும் என்று போன வாரம் வீட்டில் சொன்னபோது பெரியப்பாவும் இருந்தார். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஏண்டா, இதுக்கும் ஒருக்காப் பூக் கேட்டுப்போடலாமா? நானே எடுக்கறேன்" என்றார்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேண்டாமுங்கண்ணா. ஆத்தா போன தடவையே ரெண்டுக்கும் சேத்துச் சொல்லிப்போட்டா."